மாயகாமஸ்: நாபா பள்ளத்தாக்கின் மேற்குச் சுவர் எப்படி வேலை செய்கிறது

கலிபோர்னியாவில் ஒயினுக்குப் பேர்போன நாபா பள்ளத்தாக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் மூன்று விஷயங்களை யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லிவிடுவார். வடக்கே போகப் போகக் குளிரும் என்பது ஒன்று. மலைமேல் இருக்கும் திராட்சைத் தோட்டங்களில் ராத்திரியில் கடுங்குளிர் அடிக்கும், அந்த ஒயினுக்கு அந்த விலை அதனால்தான் என்பது இன்னொன்று. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நிற்கும் செயின்ட் ஹெலினா மலை ஒரு அணைந்த எரிமலை என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. ஆனால் மூன்றும் கேட்பதற்கு நியாயமாக இருக்கும், அதனால்தான் சுற்றுலா வண்டிகளிலும் ஒயின் கடைகளிலும் நம் வீட்டுக் கூடங்களிலும் வருஷக்கணக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் குடியிருக்கும் நம்மவர்களில் ஊரிலிருந்து வந்த உறவினரை ஒருமுறையாவது நாபாவுக்கு அழைத்துப் போகாதவர் குறைவு. போய்வந்து படங்களையும் காட்டுகிறோம். ஆனால் எல்லாப் படத்திலும் பின்னால் பச்சையாகப் படுத்துக் கிடக்கும் அந்த மலை என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த மலைமேல்தான் பிரியம். அதன் பெயர் மாயகாமஸ். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான், புவியியல் படித்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

முதலில் ஒரு கையை மேசைமேல் வையுங்கள்

கட்டைவிரலை மறந்துவிடுங்கள். மற்ற நான்கு விரல்களையும் கொஞ்சம் விரித்து, விரல் நுனிகள் தெற்கே பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து கிழக்காக எண்ணினால் முதல் விரல் பசிபிக் கடலோரக் குன்றுகள், இரண்டாவது சோனோமா மலைகள், மூன்றாவது நம்முடைய மாயகாமஸ், நான்காவது வாக்கா மலைகள். விரல்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிகள்தான் பள்ளத்தாக்குகள்: பெட்டலூமா, அப்புறம் சோனோமா, அப்புறம் நாபா. விரல் நுனிகளுக்கு முன்னால் இருப்பது சான் பாப்லோ விரிகுடா, அதாவது சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடக்குப் பகுதி.

இந்தக் கைப்படத்தில் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். பள்ளத்தாக்குகள் விரல் நுனிப் பக்கம் திறந்திருக்கின்றன, உள்ளங்கைப் பக்கம் மூடியிருக்கின்றன. நாபா பள்ளத்தாக்கைப் பொறுத்தவரை அந்த மூடிய பக்கத்தில் நிற்பதுதான் செயின்ட் ஹெலினா மலை.

மாயகாமஸ் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நீண்டு கிடக்கிறது. இதன் உச்சி காப் மலை, சுமார் 1,440 மீட்டர். செயின்ட் ஹெலினா 1,323 மீட்டர். இதே கலிபோர்னியாவில் சியரா நெவாடாவில் 4,400 மீட்டரைத் தாண்டிய சிகரம் இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது ஒரு குட்டை மலைத்தொடர்தான். தெற்கே போகப் போக இன்னும் தணிந்து, கடைசியில் விரிகுடாவின் சேற்று நிலத்துக்குப் பக்கத்தில் வெறும் மேடாகி முடிந்துவிடுகிறது. பெயர் வாப்போ என்ற பூர்வகுடி மக்களின் ஊர்ப்பெயர் ஒன்றிலிருந்து வந்தது, அந்த ஊர் நாபா பள்ளத்தாக்கின் வடகோடியில் இருக்கும் இன்றைய காலிஸ்டோகாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

குட்டை என்பதால் யாரும் இதை மதிப்பதில்லை, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மலை என்றால் உயரத்தைத்தான் முதலில் பார்க்கப் பழகியிருக்கிறோம். மாயகாமஸ் விஷயத்தில் எவ்வளவு உயரம் என்பதைவிட எங்கே தாழ்ந்திருக்கிறது, எங்கே இடைவெளி விட்டிருக்கிறது என்பதுதான் முக்கியம்.

அடுப்பு, கதவு, ஐஸ் தண்ணீர்

சமையலறையில் அடுப்பு எரிகிறது, புகைபோக்கி வழியே சூடான காற்று மேலே போகிறது. அது காலி செய்த இடத்தை நிரப்பக் காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் இல்லையா? கதவிடுக்கு வழியாக வரும். கதவுக்கு வெளியே ஒரு பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் உள்ளே வரும் காற்றும் சில்லென்றுதான் இருக்கும்.

இங்கே அடுப்பு என்பது கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு. வாக்கா மலைகளுக்கும் கிழக்கே, சாக்ரமென்டோவைச் சுற்றி விரிந்து கிடக்கும் பெரிய சமவெளி. கோடையில் அங்கே வெயில் 38, 40 டிகிரி செல்சியஸ் என்று ஏறும், காற்று சூடாகி மேலெழும். ஐஸ் தண்ணீர்த் தொட்டி என்பது பசிபிக் கடல். கோடையில்கூட அந்தக் கரையோரம் கடல்நீர் 12 டிகிரி அளவில்தான் இருக்கும், கால் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காரணம், கரையை ஒட்டி வடக்கிலிருந்து அடிக்கும் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. இதை மேலெழு நீரோட்டம் என்பார்கள்.

இந்தக் குளிர்நீருக்கு மேலே தங்கியிருக்கும் ஈரமான, குளிர்ந்த காற்றுக்குக் கடற்காற்றடுக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கடலை ஒட்டிப் பாய் விரித்த மாதிரி கிடக்கும், சாதாரணமாக 300லிருந்து 600 மீட்டர் தடிமன். அதிலிருக்கும் ஈரம் திரண்டால் அதுதான் மூடுபனி. அடுப்பு இழுக்கும்போது இந்த அடுக்கு முழுவதும் நிலத்துக்குள் நகர்ந்து வரப் பார்க்கும்.

வரும் வழியில் சுவர்கள் நிற்கின்றன. 600 மீட்டர் தடிமனுள்ள காற்றடுக்கை மறிக்க இமயமலை தேவையில்லை, 700 மீட்டர் மலை போதும். மாயகாமஸின் குட்டை உயரம் இந்த வேலைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது. அதனால் காற்று மலையை ஏறிக் கடக்காமல் கதவைத் தேடிப் போகிறது. முக்கியமான கதவுகள் இரண்டு. ஒன்று கோல்டன் கேட், அந்தச் சிவப்புப் பாலம் நிற்கும் இடம். அதன் வழியே விரிகுடாவுக்குள் நுழைந்து வடக்கே திரும்பி, நாபா, சோனோமா இரண்டின் வாசலுக்கும் வந்துவிடும். இன்னொன்று பெட்டலூமா இடைவெளி. கடலோரக் குன்றுகள் ஓரிடத்தில் மிகவும் தாழ்ந்து போயிருக்கின்றன, அந்தத் தாழ்வு வழியே கடற்காற்று நேராகப் பாய்ந்து வருகிறது. பிற்பகலில் அங்கே நின்றால் சட்டை படபடக்கும்.

ஆக இதுவரை: கிழக்கே அடுப்பு, மேற்கே குளிர்ந்த கடல், நடுவில் குட்டைச் சுவர்கள். காற்று சுவரைத் தாண்டி வருவதில்லை, சுவரில் இருக்கும் வாசல் வழியாக வருகிறது.

வடக்கே போனால் ஏன் சூடு

இது புரிந்துவிட்டால் முதல் தவறு தானாக உதிர்ந்துவிடும். நாபா பள்ளத்தாக்கு சுமார் 48 கிலோமீட்டர் நீளம். தெற்கு வாசலில் கார்னேரோஸ், அதைத் தாண்டி நாபா நகரம், அப்புறம் யான்ட்வில், ஓக்வில், ரதர்போர்ட், செயின்ட் ஹெலினா, கடைசியில் காலிஸ்டோகா. குளிர்காற்று தெற்கு வாசலில்தான் நுழைகிறது. உள்ளே நகர நகர இரண்டு பக்கத்து மலைகளும் வெயிலும் அதைச் சூடாக்கிவிடுகின்றன, பனியும் மெலிந்துவிடுகிறது. ஆகவே வாசலில் இருக்கும் கார்னேரோஸ் குளிர், கோடியில் இருக்கும் காலிஸ்டோகா சூடு. ஜூலை மாதப் பகல் வெப்பத்தில் நாபா நகரத்துக்கும் காலிஸ்டோகாவுக்கும் சராசரியாகவே சுமார் 5 டிகிரி செல்சியஸ் வித்தியாசம் வரும். ஏசி அறையில் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் மூலையில் உட்கார்ந்தவருக்கும் ஒரே வெப்பம் இருக்காது அல்லவா, அப்படித்தான்.

இதற்கேற்பவே பயிரும் மாறுகிறது. வாசலோரக் குளிரில் பினோ நுவார், ஷார்டனே போன்ற சீக்கிரம் பழுக்கும் ரகங்கள். உள்ளே போனால் நீண்ட, சூடான பருவம் கேட்கும் கபெர்னே சாவிஞ்ஞோன்.

ஒரே ஒரு விதிவிலக்கு, எனக்கு மிகவும் பிடித்தது. மூலையில் இருக்கும் காலிஸ்டோகாவுக்கு ஒரு பின்வாசல் உண்டு. வடமேற்கே மாயகாமஸ் கொஞ்சம் பள்ளம் விடும் இடத்தில் நைட்ஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது, அதன் வழியாக ரஷ்யன் ஆற்றுப் பக்கத்துக் கடற்காற்று மாலையில் கொஞ்சம் கசிந்து வரும். பகல் முழுக்க வெந்துகொண்டிருந்த ஊரில் சாயங்காலம் திடீரென்று காற்று குளிர்ந்தால் அது தெற்கிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை, பின்வாசல் வழியாக வந்ததாகவும் இருக்கலாம்.

மலைமேல் ராத்திரி சூடாக இருப்பது எப்படி

இதுதான் பலரையும் தடுமாற வைக்கும் இடம், நானும் ரொம்ப நாள் தடுமாறியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும், ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அது சரிதான். ஆனால் அது சராசரி. காற்று எப்போதும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை.

ஓக்விலில் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து மலையேறி சோனோமா பக்கம் இறங்கும் ஒரு சாலை இருக்கிறது, ஓக்வில் கிரேடு என்பார்கள். ஒரு ஜூலை மாதக் காலையில் ஏழரை மணிக்கு அதில் ஏறினேன். கீழே பனி அப்பிக் கிடந்தது, கண்ணாடியில் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது, வண்டியின் வெப்பமானி 12 காட்டியது. மூன்று நான்கு வளைவுகள் ஏறியதும் வெளிச்சம் பால் நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மாறியது. இன்னும் ஒரு வளைவுதான். சட்டென்று நீல வானம். ஓரமாக நிறுத்தி இறங்கினால் தோல்மேல் வெயில், காலடியில் காய்ந்த புல், கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தட்டையாக ஒரே வெள்ளை, எதிரே வாக்கா மலைகளின் முதுகு மட்டும் தீவுகள் மாதிரி. வெப்பமானியில் 18. மேலே ஏறியிருக்கிறேன், ஆறு டிகிரி கூடியிருக்கிறது.

இதற்குப் பெயர் வெப்பத் தலைகீழ். அதாவது, கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக, வழக்கத்துக்கு எதிராக அடுக்கப்பட்டிருக்கும் நிலை.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. முதலாவது கடற்காற்றடுக்கின் மேலே இருக்கும் மூடி. கோடையில் பசிபிக்மேல் ஒரு பெரிய உயர் அழுத்த மண்டலம் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து காற்று மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்கும் காற்று அமுக்கப்பட்டுச் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுமே, பாதிக்கு மேல் அந்தக் கதைதான். அந்தச் சூடான காற்று கீழே இருக்கும் குளிர்ந்த அடுக்கின்மேல் தட்டு மூடினாற்போல உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் பனியின் மேல்பக்கம் கத்தியால் வெட்டின மாதிரி தட்டையாக இருக்கிறது.

இரண்டாவது காரணம் உள்ளூர்ச் சமாசாரம். கடையில் மேல்பக்கம் திறந்து எடுக்கும் ஐஸ்கிரீம் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மூடியைத் திறந்து வைத்தாலும் குளிர் வெளியே கொட்டிவிடாது, ஏனென்றால் குளிர்ந்த காற்று கனமானது, பெட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும். பள்ளத்தாக்கும் அப்படி ஒரு பெட்டிதான். சூரியன் மறைந்ததும் மலைச்சரிவின் தரை குளிரும், அதை ஒட்டிய காற்றும் குளிரும், குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி சரிவில் வழிந்து இறங்கி அடியில் தேங்கும். சரிவின் நடுப்பகுதியில் இருக்கும் தோட்டத்துக்கு ஒட்டிக்கொள்ள மிச்சம் இருப்பது மேலேயிருக்கும் மிதமான காற்று. இந்த நடுப்பகுதிக்கு வெப்பப் பட்டை என்று பெயர்.

இப்போது இரண்டாவது தவறுக்கு வருவோம். மலைத் தோட்டத்தில் கோடைப் பகல் பள்ளத்தாக்கைவிடக் கொஞ்சம் குறைந்த சூடு, இரவு பள்ளத்தாக்கைவிடக் குறைந்த குளிர். ஏற்ற இறக்கம் சிறியது. பள்ளத்தாக்குத் தரையில்தான் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம். ஆகவே 'மலை ஒயின், குளிர் இரவு' என்று சீசாவில் எழுதி ஒட்டுவது, இந்த ஊரைப் பொறுத்தவரை, நிலைமையைத் தலைகீழாகச் சொல்வது.

வசந்தத்தில் இதன் பயன் கண்ணுக்கே தெரியும். துளிர் விட்ட நேரத்தில் உறைபனி விழுந்தால் பயிர் போச்சு. பள்ளத்தாக்குத் தரையில் தோட்டங்களுக்கு நடுவே கம்பத்தின்மேல் விமான விசிறி மாதிரி பெரிய காற்றாடிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை மின்சாரம் தயாரிக்க அல்ல. விடியற்காலையில் அவற்றை ஓட்டினால் மேலே இருக்கும் சூடான காற்றைக் கீழே இழுத்துக் கலக்கும், அதாவது தலைகீழ் அடுக்கைக் கலைக்கும். நடுச்சரிவுத் தோட்டங்களுக்கு அந்தக் கவலை குறைவு.

மூடுபனி எந்த உயரம் வரை வரும் என்பது சட்டத்துக்குள்ளேயும் நுழைந்துவிட்டது. ஏவிஏ என்று ஒன்று உண்டு, அமெரிக்க அரசு எல்லை வரைந்து அங்கீகரித்த திராட்சை விளையும் வட்டாரம். எதிர்ப்பக்கம் வாக்கா மலைகளில் இருக்கும் ஹவெல் மலை ஏவிஏவின் எல்லை 1,400 அடியில், அதாவது சுமார் 427 மீட்டரில் தொடங்குகிறது. சாதாரணமாகப் பனி அதற்குக் கீழேயே நின்றுவிடும் என்பதை வைத்துப் போட்ட கோடு அது. மாயகாமஸ் பக்கம் தெற்கிலிருந்து வடக்காக மவுண்ட் வீடர், ஸ்பிரிங் மலை, டைமண்ட் மலை என்று மூன்று ஏவிஏக்கள் நாபா சரிவில் இருக்கின்றன. இவற்றில் மவுண்ட் வீடரின் தோட்டங்கள் சுமார் 150 மீட்டரில் தொடங்கி 790 வரை ஏறுகின்றன, ஆகவே ஒரே பெயருக்குள் பனிக்குள் மூழ்கும் தோட்டமும் உண்டு, பனியையே பார்க்காத தோட்டமும் உண்டு. 'மவுண்ட் வீடர்' என்று பெயர் பார்த்து வாங்குகிறவர்கள் எத்தனையாவது மீட்டர் என்றும் கேட்டால் நல்லது.

சுருக்கமாகச் சொன்னால், உயரம் மட்டும் வெப்பத்தைத் தீர்மானிப்பதில்லை. மூடுபனிக் கோட்டுக்கு மேலா கீழா என்பதுதான் முதல் கேள்வி.

சூரியன் எந்தப் பக்கம்

ஒரே மலைக்கு இரண்டு முகம். நாபா பக்கத்துச் சரிவு பெரும்பாலும் கிழக்கு நோக்கியது, காலை வெயில் வாங்கிப் பிற்பகலில் மலையின் நிழலுக்குள் போய்விடும். சோனோமா பக்கத்துச் சரிவு மேற்கு நோக்கியது, பிற்பகலின் முழு வெயிலையும் வாங்கும். அந்தப் பக்கத்துக்கு 2013இல் மூன் மலை என்று தனி ஏவிஏ கிடைத்தது. முதுகெலும்பு ஒன்று, இரண்டு பக்கமும் நட்டது கபெர்னேதான், ஆனால் வெயில் விழும் நேரம் வேறு.

மழையும் அப்படித்தான். இங்கே மழை குளிர்காலத்தில், பசிபிக்கிலிருந்து வரும் புயல்களால். வாக்காவுக்கு முன்னால் ஏறித் தாண்ட வேண்டியது மாயகாமஸ் என்பதால் மேகங்கள் அதன்மேல் அதிகம் இறக்கி வைத்துவிடும், வாக்கா பக்கம் அவ்வளவு மிச்சம் இருக்காது. மழைக்கணக்குப் பார்க்க வேண்டாம், மரத்தைப் பார்த்தாலே போதும். காலிஸ்டோகாவுக்குத் தெற்கே மாயகாமஸ் ஓடைகளில் கடலோரச் செம்மரங்கள், அந்த வானளாவிய ரெட்வுட் மரங்கள், நிற்கின்றன. நேர் எதிரே வாக்காவில் ஓக் மரமும் முட்புதரும் காய்ந்த புல்லும். நடுவில் சில கிலோமீட்டர் அகலப் பள்ளத்தாக்குதான்.

மலை எல்லையாக நிற்பதால் பெயர் ஒரு பக்கமும் பழம் ஒரு பக்கமும் போவதும் உண்டு. 1976இல் பாரிசில் நடந்த ஒயின் சுவைப் போட்டியில் வெள்ளை ஒயின்களில் முதலிடம் பிடித்து பிரெஞ்சுக்காரர்களை அதிரவைத்தது ஷாட்டோ மோன்டலினாவின் 1973 ஷார்டனே. மோன்டலினா என்பது மவுண்ட் செயின்ட் ஹெலினா என்பதன் சுருக்கம், ஆலை இருப்பது அந்த மலையின் அடியில், காலிஸ்டோகாவில். ஆனால் அந்த ஒயினுக்கான பழத்தில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம், சோனோமாவில் விளைந்தது. அந்த வெள்ளை ஒயினை நாபாவின் வெற்றி என்று உலகம் கொண்டாடியதில் பாதிக்கு மேல் மாயகாமஸின் மறுபுறத்துக்குச் சேர வேண்டியது. அது யாருக்கும் சொல்லப்படுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எரிமலை இல்லை, ஆனால்

செயின்ட் ஹெலினாவை எரிமலை என்று நம்புவதற்கு எல்லாத் தடயமும் அங்கே இருக்கிறது, அதுதான் சிக்கல். அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள், கொஞ்ச தூரத்தில் கல்லாகிப்போன செம்மரக் காடு, கையில் எடுக்கும் கல்லெல்லாம் எரிமலைச் சாம்பலும் குழம்பும் இறுகியது. இருந்தும் அந்தச் சிகரம் எரிமலை வாய் அல்ல. பழைய எரிமலைக் கல் அடுக்குகள் நிலப் பிளவுகளால் மேலே தள்ளப்பட்டு உண்டான மேடு அது. வீட்டு மாடியில் கிரானைட் பதித்திருப்பதால் வீடு குவாரி ஆகிவிடாது.

மூன்று கட்டமாகப் பார்த்தால் கதை எளிது. எஸ்கலேட்டர் முடியும் இடத்தில் படிகள் தரைக்குள் போகும்போது மேலே இருக்கும் குப்பையெல்லாம் அந்தச் சீப்பு மாதிரியான தகட்டில் வழிக்கப்பட்டுக் குவியும். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தில் கடலடித் தட்டு ஒன்று வட அமெரிக்கத் தட்டின் அடியில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் இருந்த கடற்சேறு, மணல், எரிமலைப் பாறை எல்லாம் வழிக்கப்பட்டு, நசுங்கி, கலந்து கரையோடு ஒட்டிக்கொண்டன. மவுண்ட் வீடரில் இன்று திராட்சை வேர்விடுவது பெரும்பாலும் இப்படி மேலே வந்த பழைய கடற்தரையில். கலிபோர்னியாவின் மாநிலப் பாறையான, பச்சையும் வழவழப்புமான பாம்புக்கல் இந்தக் குவியலில் வருவதுதான், அதன்மேல் பயிர் எதுவும் சுலபத்தில் பிடிக்காது.

இரண்டாம் கட்டம், சுமார் 80 லட்சம் ஆண்டுகள் முன் தொடங்கி 25 லட்சம் ஆண்டுகள் முன்வரை, எரிமலைகள் வெடித்த காலம். அந்தச் சாம்பலும் குழம்பும் போர்வை மாதிரி மூடின. காலிஸ்டோகாவுக்குப் பக்கத்தில் 30 லட்சம் ஆண்டுகளுக்கும் முன் சாம்பலில் புதைந்த செம்மரங்கள்தான் இன்றைக்குக் கல்லாகக் கிடக்கின்றன. டைமண்ட் மலையின் மண் பெரும்பாலும் இந்தப் போர்வையிலிருந்து வந்தது. மூன்றாம் கட்டம், தட்டுகள் ஒன்றையொன்று உரசி நகர ஆரம்பித்து எல்லாவற்றையும் உடைத்து, மடித்து, மேலே தூக்கியது. அது இன்னும் முடியவில்லை, நிலநடுக்கம் வருவது அதனால்தான்.

அடியில் சூடு இன்னும் இருக்கிறது. மாயகாமஸின் வடபகுதியில் கெய்சர்ஸ் என்ற இடம், உலகின் மிகப் பெரிய புவிவெப்ப மின்களம். 1960இலிருந்து அங்கே வணிக அளவில் மின்சாரம் எடுக்கிறார்கள். இட்லிச் சட்டி மாதிரிதான்: அடியில் சூடான பாறை அடுப்பு, விரிசல்களில் இருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகிறது, மேலே இறுக்கமான பாறை மூடி. ஆவி எடுத்து எடுத்துச் சட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டதால், பக்கத்து ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாய் போட்டுக் கொண்டுவந்து கீழே செலுத்துகிறார்கள். சாண்டா ரோசா நகரத்துத் தண்ணீர் மலைக்கு அடியில் போய் மின்சாரமாகத் திரும்பி வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எரிமலை மண்ணில் விளைந்த ஒயினில் எரிமலையின் சுவை தெரியும் என்பார்கள். வேர் கல்லைத் தின்பதில்லை. தண்ணீரில் கரைந்த சத்துகளை மிகச் சிறிய அளவில் உறிஞ்சுகிறது, அவ்வளவுதான். மண் செய்யும் பெரிய வேலை தண்ணீர்க் கணக்கு. மலையில் மண் மெல்லியது, தண்ணீர் நிற்காது, கொடி ஒல்லியாக வளர்ந்து சின்னப் பழமாகக் காய்க்கும். சின்னப் பழத்தில் சாறு குறைவு, தோல் அதிகம், நிறமும் துவர்ப்பும் தோலில்தான். மலையிலிருந்து ஓடைகள் அடித்துக்கொண்டு வந்த சரளை, அடிவாரத்தில் விசிறி விரித்த மாதிரி பரவியிருக்கும் மேட்டுக்கு வண்டல் விசிறி என்று பெயர். ஓக்வில், ரதர்போர்டின் மேற்கு ஓரத்துப் பேர்பெற்ற தோட்டங்கள் பல அந்த விசிறிகளின்மேல் இருக்கின்றன. பள்ளத்தாக்கு ஒயின் என்று விற்கிறோம், அது நிற்கும் தரை மாயகாமஸ் கரைந்து இறங்கியதுதான்.

அதே வாசல், எதிர்த் திசையில்

கோடை முழுக்கக் காற்று கடலிலிருந்து உள்ளே வருகிறது என்று பார்த்தோம். இலையுதிர் காலத்தில் சில நாட்கள் இது அப்படியே திரும்பிக்கொள்ளும். உள்நாட்டில் அழுத்தம் ஏறி, வடகிழக்கிலிருந்து கடலை நோக்கிக் காற்று கிளம்பும். மலைமுகட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகி, இன்னும் உலர்ந்துபோகும், சைக்கிள் பம்ப் கதைதான் மறுபடியும். இதை டயாப்லோ காற்று என்கிறார்கள். ஏப்ரலுக்குப் பிறகு மழையே பார்க்காத புல்லும் புதரும் அதன் வழியில் காத்திருக்கின்றன.

2017 அக்டோபர் 8 இரவு காலிஸ்டோகா அருகே பற்றிய டப்ஸ் தீ, மாயகாமஸைக் கடந்து சில மணி நேரத்தில் சாண்டா ரோசாவின் தெருக்களுக்குள் இருந்தது. ஆறு வழி நெடுஞ்சாலையைத் தாண்டிக் குதித்தது. 22 பேர் இறந்தார்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. 1964இலும் ஹான்லி தீ கிட்டத்தட்ட இதே வழியில்தான் வந்திருந்தது. அது போன வழி கோடு போட்டு வைத்த மாதிரி மலையில் இருந்தது, நடுவில் ஐம்பத்து மூன்று வருஷத்தில் அந்தக் கோட்டின்மேல் வீடுகள் வந்துவிட்டன. 2020 செப்டம்பரில் கிளாஸ் தீ ஸ்பிரிங் மலையை எரித்தது.

அந்த இரவுகளில் பள்ளத்தாக்குத் தரையில் ஒதுக்குப்புறமாக இருந்தவர்களுக்குக் காற்று அசையாமல், சில்லென்று இருந்திருக்கலாம். மேலே, உறைபனியிலிருந்து துளிரைக் காப்பாற்றுகிறதே, அந்த வெப்பப் பட்டையில், நள்ளிரவிலும் காற்று சூடாகவும் உலர்ந்தும் இருக்கும். வழக்கமாக இரவில் ஈரம் ஏறி நெருப்பு அடங்கும், தீயணைப்பு வீரர்கள் மூச்சு விடுவார்கள். இந்தச் சரிவுகளின் நடுப்பகுதியில் நெருப்பு இரவிலும் தூங்குவதில்லை.